பிடிபோர்டு நகரசபையும் பிரார்த்தனையும்

(வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சீமையைப் பற்றி ஏதாவது பேசவேண்டுமென்று இவ்வாசகசாலைத் தோழர்கள் கேட்டார்கள். சீமை என்றால் நம்மவர்களுக்கு லண்டன்தான். ராஜா, பார்லிமெண்டு, பெரிய கடிகாரம், அவ்வளவோடு தீர்ந்தது. நான் அந்த லண்டனைப் பற்றிப் பேச வரவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்கிற ஜில்லாவில், டாரிட்ஜ் என்கிற ஆற்றங்கரையில், பிடிபோர்டு என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 17 ஆயிரம். நம்முடைய தாலூகா தலைநகர் ஒன்றைவிடப் பெரியதல்ல. அவ்வூர் நகரசபையில் நடந்த ஒரு சங்கதி அய்க்கோர்ட்டு வரை போய், மந்திரி வரை போய், கடைசியில் பார்லிமெண்டில் ஒரு சட்டமாகவே வந்து முடிந்தது. அச்சங்கதி என்னவென்றால், சபை கூடியதும் முதலில் கடவுளை வணங்குவதா, அல்லது நேரே வேலையைத் தொடங்குவதா என்பதேயாகும்.

அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவ்வூருக்குப் பெருமை ஒரு பழைய கல் பாலம். 677 அடி நீளம், 24 வளைவுகள், அவற்றில் ஒன்றின் அகலம் மற்றொன்றுக்கு இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் அவரவர் கொடுத்த பணத்துக்குத் தகுந்தபடி அகலம் வைத்தார்கள் என்று ஊரில் கதை சொல்லுவார்கள். இதற்கு ஒரு ஸ்தல புராணமும் உண்டு. ஆற்றில் எங்கே அஸ்திவாரம் போட்டாலும் நிற்கவில்லையாம். ஒரு பாதிரியாருடைய கனவில் தேவதூதன் வந்து, பாறை கிடக்கும் இடத்தில் கட்டு என்றானாம். காலையில் போய்ப் பார்த்தால் ஆற்றில் பெரும் பாறை கிடந்ததாம். சாமி கனவில் வந்து இடம் காட்டுகிற வியாபாரம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பதற்காக இதைச் சொல்லுகிறேன். பணம் சேர்ந்த விதமும் அப்படித்தான். பாலத்துக்குக் கொடுப்பவர்களுக்குப் பாவ தண்டனையில் இத்தனை நாள் குறையும் என்று பிஷப்பு எழுதிக் கொடுத்தார், பணமும் வந்தது. ஆனால் கல்லைச் செதுக்கியவன் கல்தச்சன், தண்ணீரில் இறங்கி நின்று அடுக்கியவன் கூலியாள். அவர்கள் பெயர் ஒரு புராணத்திலும் இல்லை.

இதில் நான் மெச்சுவது ஒன்று உண்டு. அந்தப் பாலத்துக்கென்று ஜனங்கள் நிலமும் வீடும் எழுதி வைத்தார்கள். நம் முன்னோர்கள் கோவிலுக்கு மானியம் விட்டதுபோல அவர்கள் பாலத்துக்கு மானியம் விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாடகைப் பணத்தைக் கொண்டே, பால தர்மகர்த்தர்கள் என்ற ஊரார் பல நூற்றாண்டு அதைப் பழுதுபார்த்து வந்தார்கள். 1968-ம் வருஷம் ஜனவரியில் மேற்குப் பக்கத்தில் வளைவு இடிந்து விழுந்த பிறகுதான் சர்க்கார் பாலத்தை ஏற்றுக்கொண்டது. தர்மகர்த்தர்களுடைய பணம் இன்றும் ஊர்க் காரியங்களுக்கு உதவுகிறது. இடையிடையே அந்தப் பணத்தில் நல்ல விருந்தும் நடந்திருக்கிறது. தர்மச் சொத்து இருக்கிற இடத்தில் சாப்பாடும் இருக்கும் போலும்!

சரி, நகரசபைக்கு வருவோம். அங்கு நிர்வாகம் மூன்று அடுக்காக இருக்கிறது. ரோட்டும் பள்ளிக்கூடமும் ஜில்லா கவுன்சிலைச் சேர்ந்தவை. குப்பை, வீடு கட்ட உத்தரவு முதலியவை அதற்குக் கீழ்ப்பட்ட டாரிட்ஜ் கவுன்சிலைச் சேர்ந்தவை. பிடிபோர்டு நகரசபை என்பது இவற்றுக்கெல்லாம் அடியிலுள்ள சிறு சபை. பூங்கா, ஊரார் காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலம், ஊர்ச் சங்கங்களுக்குச் சிறு உதவி, இப்படிப்பட்ட வேலைகள்தாம் அதற்கு. வருஷத்துக்கு ஒருவரை மேயராகத் தெரிந்தெடுத்துச் சங்கிலி மாட்டிவிடுவார்கள். இவ்வளவு சிறிய சபையில் கூட்டம் தொடங்கியதும் ஒரு பாதிரியார் பிரார்த்தனை செய்வார். எலிசபெத் ராணி காலத்திலிருந்து, அதாவது நானூறு வருஷமாக நடக்கிற வழக்கம் என்பார்கள். அது நடவடிக்கைப் புஸ்தகத்திலும் ஒரு விஷயமாகவே பதிவாகிவரும்.

2007-ல் கிளைவ் போன் என்பவர் அச்சபைக்குக் கவுன்சிலராக வந்தார். அவர் நாஸ்திகர். அவர் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி: "ஊரார் என்னைத் தெரிந்தெடுத்தது ஊர் வேலையைப் பார்க்க, இதில் பூசை எதற்கு?" பிரார்த்தனையை நிறுத்தவேண்டுமென்று 2008-ல் இரண்டு தடவை தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டு தடவையும் தோற்றார். இஷ்டமில்லாதவர் அந்த நேரத்தில் வெளியே போய் நிற்கலாம், அல்லது பிறகு வரலாம் என்றார்கள். தோழர்களே, இதை யோசித்துப் பாருங்கள். ஓட்டு வாங்கி வந்த ஒரு மனிதன், கேட்க வந்த ஜனங்கள் பார்த்திருக்க, எழுந்து வெளியே போய் நின்றுவிட்டுப் பிறகு உள்ளே வரவேண்டும். யாரும் அவனை அடிக்கவில்லை, வைய்யவுமில்லை. ஆனால் "இவன் நம்மவன் அல்ல" என்று மாதம் தவறாமல் ஊருக்குக் காட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போன் அவர்கள் தேசீய மதச்சார்பற்ற சங்கத்தினிடம் போனார். இச்சங்கத்தை நம்மவர்கள் பலர் அறிந்திருக்கவேண்டும். 1866-ல் சார்லஸ் பிராட்லா ஸ்தாபித்தது. பிராட்லா 1880-ல் நார்தாம்ப்டன் ஊராரால் பார்லிமெண்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டு, நாஸ்திகர் என்பதற்காக உள்ளே விடப்படாமல், மறுபடி மறுபடி தேர்தலில் ஜெயித்து, 1886-ல்தான் உட்கார முடிந்தது. அவருடைய சங்கத்தின் காற்று சென்னைக்கும் அடித்தது. 1880-களில் சென்னையிலிருந்த நண்பர்கள் அதே போக்கில் "தத்துவவிவேசினி" என்று தமிழில் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அந்தச் சங்கத்தில் பிராட்லாவோடு தோளோடு தோள் நின்ற அன்னி பெசண்டு அம்மையார்தான், பிறகு அடையாறுக்கு வந்து நமக்கு ரிஷிகளின் மகிமையை உபதேசித்தவர். இது நிற்க.

வழக்கு லண்டன் அய்க்கோர்ட்டில் நடந்தது. விசாரணைக்கு வருவதற்குள் போன் அவர்கள் கவுன்சிலராக இல்லை. வழக்கு மட்டும் நின்றது. 2012-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி நீதிபதி அவுஸ்லி தீர்ப்புச் சொன்னார். "நாஸ்திகம் ஜெயித்துவிட்டது, கடவுள் வழக்கில் தோற்றுவிட்டார்" என்று இதைப் பற்றி நம் தோழர்கள் சிலர் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. நம்முடைய எதிரிகள் பொய் சொன்னால் பிழைப்புக்காகச் சொல்லுகிறார்கள் என்று விட்டுவிடலாம். நாம் சொன்னால் நமக்குப் பிறகு என்ன மிச்சம்? ஆகவே தீர்ப்பில் உள்ளதை உள்ளபடி சொல்லுகிறேன்.

சங்கம் மூன்று காரணம் சொல்லிற்று. பிரார்த்தனையால் நாஸ்திகருக்குப் பாரபட்சம் செய்யப்படுகிறது என்பது ஒன்று. மனித உரிமைக்கு விரோதம் என்பது ஒன்று. இவ்விரண்டையும் நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது காரணம், நகரசபைக்கு அப்படிச் செய்ய அதிகாரமே இல்லை என்பது. இதிலேதான் சங்கம் ஜெயித்தது. நகரசபை என்பது சட்டத்தால் உண்டானது. ஒரு மிராசுதார் தன் காரியஸ்தனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அதில் கண்ட வேலையைத்தானே அவன் செய்யலாம்? குத்தகை வசூலிக்கச் சொன்னால், "எனக்குப் பக்தி அதிகம்" என்று சொல்லி அய்யாவின் கணக்கில் தேர் இழுக்க முடியுமா? 1972-ம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின் 111-வது பிரிவு, சபையின் வேலைகளுக்கு உதவியானவற்றையும் அவற்றை ஒட்டியவற்றையும் செய்யலாம் என்கிறது. கூட்டத்தின் ஒரு பகுதியாகப் பிரார்த்தனை செய்வது அதில் அடங்காது என்று நீதிபதி சொன்னார். கூட்டம் தொடங்குவதற்கு முன், அதே மண்டபத்தில், இஷ்டமுள்ளவர்கள் கூடிப் பிரார்த்தனை செய்து கொள்ளலாம். ஆனால் கவுன்சிலர்களை அதற்கென்று முறைப்படி அழைக்கக்கூடாது என்பதும் தீர்ப்பு.

பாரபட்சம் இல்லை என்று நீதிபதி சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைச் சற்று முன்பே சொன்னேன். ஆனால் அதிகாரத்தைப் பற்றிய பேச்சு என்னமோ மிக நன்றாய் இருக்கிறது. ஏனென்றால் அது கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்குக்கே போகவில்லை. ஆஸ்திகனும் ஒப்புக்கொள்ளவேண்டிய நியாயம் அது. பிரார்த்தனை செய்தால் கவுன்சிலர்களுக்குப் பொறுப்பு வரும், மனம் அடங்கும் என்று சபையார் வாதித்தார்கள். அப்படியானால் வீட்டிலேயே செய்துவிட்டு வரட்டுமே! பூங்காவில் குழாய் உடைந்தால் மேஸ்திரியைத்தானே கூப்பிடுகிறார்கள்?

இப்போது, மேற்படி நானூறு வருஷ வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழையது என்பதே ஒரு பெருமையாகச் சொல்லப்பட்டதால் அவ்வூரின் இன்னொரு பழைய நடவடிக்கையையும் படித்துப் பார்க்கவேண்டும். 1682-ம் வருஷம் ஜூலை மாதம். டெம்பரன்ஸ் லாயிட், மேரி டிரெம்பிள்ஸ், சூசன்னா எட்வர்ட்ஸ் என்று மூன்று பெண்கள். நாதியற்ற ஏழைகள், பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். கிரேஸ் தாமஸ் என்கிற அம்மாளுக்கு உடம்பெல்லாம் குத்தல் வலி. வைத்தியனுக்குத் தெரியவில்லை, ஆகவே சூனியம்! ஒரு தோல் துண்டில் ஒன்பது குத்துக் குத்தினதாக டெம்பரன்ஸ் கிழவி ஒப்புக்கொண்டாளாம். நோயாளி படுத்திருந்த அறையின் ஜன்னலில் ஒரு பறவை வந்து சிறகடித்தது என்பதும் சாட்சியமாம். விசாரித்தவர்கள் யார்? பிடிபோர்டு மேயரும் ஆல்டர்மேனும். அதாவது அதே நகரசபை.

அதற்கு மேலும் கேளுங்கள். அவ்வூர்க் கோவிலில் பாதிரியார் முன்னிலையில் அக்கிழவியை நிறுத்தி, ஏசு கற்பித்த ஜெபத்தைச் சொல் என்றார்கள். சூனியக்காரிக்கு அது சரியாக வராது என்பது அக்கால நம்பிக்கை. எழுத்து வாசனை இல்லாத கிழவி, பசியோடு, உயிர்ப் பயத்தோடு நிற்கிறாள். திக்கித் திணறிச் சொன்னாள், தப்பாகச் சொன்னாள். தப்பாகச் சொன்னதும் அவளுக்கு விரோதமாயிற்று. பிறகு மூவரையும் எக்ஸெட்டருக்குக் கொண்டுபோய் விசாரித்து, ஆகஸ்டு 25-ந் தேதி ஹெவிட்ரி என்கிற இடத்தில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சுற்றில் வந்த நீதிபதிகளில் ஒருவரான பிரான்சிஸ் நார்த், இவர்களை விடுதலை செய்தால் ஜனங்களின் ஆத்திரத்தை அடக்கமுடியாது என்கிற கருத்தில் மந்திரிக்குக் கடிதமும் எழுதினார். பில்லி சூனியத்தில் நீதிபதிக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, கும்பலினிடம்தான் பயம். சூனியத்துக்காக இங்கிலாந்தில் கடைசியாகத் தூக்கில் போனவர்களில் இம்மூவரும் சேர்ந்தவர்கள். அந்தச் சட்டம் 1736-ல்தான் எடுக்கப்பட்டது.

பிரார்த்தனை சொல்லத் தெரியாதவளைக் கழுத்தில் கயிறு போட்ட ஊரில், 330 வருஷம் கழித்துப் பிரார்த்தனை சொல்ல இஷ்டமில்லாதவன் வெளியே நிறுத்தப்பட்டதோடு தப்பினான். இதை முன்னேற்றம் என்று நான் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அந்த 330 வருஷத்தில் பிரார்த்தனை நிறுத்தப்படவேயில்லை என்றால், இந்த முன்னேற்றத்தை உண்டாக்கியது பிரார்த்தனையா, அல்லது வேறு ஏதாவதா என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது? மந்திரி எரிக் பிக்கில்ஸ் அவர்களுக்குக் கோபம் வந்தது. ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பொது அதிகாரம் கொடுக்கும்படி 2011-ல் செய்திருந்த புதுச் சட்டத்தை அவசரமாக அமுலுக்குக் கொண்டுவந்து, இனிப் பிரார்த்தனைக்குத் தடையில்லை என்றார். சங்கத்தார் அப்படியல்ல என்றார்கள். கடைசியில் 2015-ம் வருஷம் மார்ச்சு மாதம் பார்லிமெண்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. சபைகள் தங்கள் கூட்டத்தில் பிரார்த்தனைக்கோ வேறு மத அனுஷ்டானத்துக்கோ, மதம் அல்லாத கொள்கையைச் சேர்ந்த அனுஷ்டானத்துக்கோ நேரம் ஒதுக்கலாம் என்பது அதன் சாரம். கவனியுங்கள்: "ஒதுக்கலாம்". ஒதுக்கவேண்டும் என்று இல்லை.

அந்தப் பார்லிமெண்டின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். காமன்ஸ் சபையில் மெம்பர்கள் 650 பேர்; உட்கார இடம் சுமார் 427 பேருக்குத்தான். தினம் பிரார்த்தனைக்கு வருகிறவர் ஒரு சீட்டு வைத்துத் தன் இடத்தை அன்றைக்கு ரிசர்வு செய்து கொள்ளலாம். ஆகவே கூட்டம் நெருக்கும் நாளில் நாஸ்திக மெம்பர்களும் வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பக்தியோடு பிரார்த்திக்கிறார்கள். நம்மூர்க் கோவிலில் சுண்டலுக்காக நிற்கிறவனுக்கும் இதற்கும் என்ன பேதம் என்று எனக்குத் தெரியவில்லை. அவனாவது பசிக்காக நிற்கிறான்.

இப்போது விஷயம் மறுபடியும் அந்தந்த ஊர்ச் சபையின் ஓட்டுக்கே வந்துவிட்டது. வைத்துக்கொள்ள நினைக்கும் சபை வைத்துக்கொள்ளலாம். விடுகிற சபை விடலாம். இதில் எனக்குக் குறைதான். ஏனென்றால், ஒருவனுடைய மனச்சாட்சிச் சங்கதி ஒன்பது பேர் கையைத் தூக்குவதைப் பொறுத்ததல்ல. என்றாலும், அடுத்த தேர்தலில் ஆளை மாற்றினால் வழக்கத்தையும் மாற்றலாம் என்ற வழி அங்கே திறந்திருக்கிறது. போன் அவர்கள் இரண்டு தடவை தோற்ற தீர்மானத்தை யாராவது மூன்றாவது தடவை கொண்டுவரலாம்.

எனக்குக் கொடுத்த நேரத்துக்கு மேல் பேசிவிட்டேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் சொன்னதில் சந்தேகமோ ஆட்சேபணையோ உள்ளவர்கள் தாராளமாய் எழுந்து கேட்கலாம். பின்வரிசையில் முதலிலிருந்தே கையைத் தூக்கிக் கொண்டிருக்கும் பெரியவர் முதலில் கேட்கட்டும்.