முதல் ஈரம் யார் காட்டில்?

(கச்சிராயபாளையத்தில் நடந்த அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் பேசியது)

மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே, ஆலைக்குக் கரும்பு ஏற்றிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வந்து நிற்கும் தோழர்களே!

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் அண்ணல் அம்பேத்கரின் படத்துக்கு மாலை போட்டார்கள். நானும் போட்டேன். இப்போது திரும்பிப் பாருங்கள், படத்தில் மூக்குக்கண்ணாடி மட்டும்தான் தெரிகிறது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

1946-ல் இந்த மனிதர் அமெரிக்காவிலிருந்த கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். அந்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டு எழுதிய கடிதம் அது. கடல் தாண்டி ஒருவன் அடிபடுகிறான் என்று தெரிந்ததும், அவன் என்ன எழுதிக் கொடுத்தான், எந்த வாசலில் கொடுத்தான் என்று பார்க்கத் தோன்றியது அவருக்கு. நமக்கு ஃபிளெக்ஸ் அடிக்கத் தோன்றுகிறது.

இன்னொருவரைச் சொல்கிறேன். கார்ட்டர் உட்சன். அடிமைகளாக இருந்தவர்களின் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிப் படியேறி, 1912-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1926-ல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தைக் கறுப்பின வரலாற்று வாரம் ஆக்கியவர் அவர்தான். ஏன் அந்த வாரம்? லிங்கன் பிறந்தநாளும் பிரடெரிக் டக்ளஸ் பிறந்தநாளும் அதில்தான் வரும். சனங்கள் ஏற்கெனவே கொண்டாடிவந்த நாட்கள். நாளை அப்படியே வைத்துக்கொண்டு பேச்சை மாற்றினார் உட்சன். இரண்டு பெரியவர்களோடு நிறுத்தாதீர்கள், பேர் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் செய்ததைப் பேசுங்கள் என்பது அவர் கட்சி. பள்ளிக்கூடங்களுக்குப் படமும் பாடமும் நாடகமும் தயார் செய்து அனுப்பினார். பழைய காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்.

அந்த வாரம் ஐம்பது வருஷம் கழித்து, 1976-ல், மாதமாயிற்று. அமெரிக்க ஜனாதிபதியே அதை ஏற்றுப் பேசினார்.

1976 என்றதும் நம் பெரியவர்களுக்கு வேறு ஒன்று ஞாபகம் வர வேண்டுமே? நம் மலையில் ஜாகிர் என்ற நிலவுடைமை ஒழிந்த வருஷம் அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம். வெள்ளைக்காரன் போய் 29 வருஷம் ஆன பிறகும் கல்வராயன் மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களின் கையில் இருந்தது. டெல்லியில் கொடி ஏறியது. இங்கே கூலியில்லாத ஏர் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பாட்டியிடம் கேட்டேன், அந்த வருஷம் என்ன நடந்தது ஆயா என்று. அடுப்பில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைத் தட்டின் மேல் வைத்துவிட்டுச் சொன்னது: “அந்த வருசந்தான் மொத மழைக்கு எங்க ஏரு எங்க காட்டுல பூட்டுச்சு.” அதற்கு முன்னால்? முதல் ஈரம் ஜாகிர்காரர் காட்டுக்கு. மாடு நம்முடையது, ஏர் நம்முடையது, ஆளும் நாம்தான். அங்கே உழுது முடித்துவிட்டு வந்தால் நம் காடு காய்ந்து கிடக்கும்.

இந்த ஒரு வரி எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது? இங்கே இந்திரா காந்தி விடுதலை கொடுத்தார் என்று மட்டும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் லிங்கன் கொடுத்தார் என்கிறார்கள். கொடுத்தவர் பெயருக்குக் கல்வெட்டு உண்டு. ஈரம் காயக் காய அடுத்தவன் காட்டை உழுத வீட்டுக்கு என்ன உண்டு?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அழுவதற்கு மட்டும் வரலாறு வேண்டும் அவர்களுக்கு. வெண்மணி என்ற ஊரைச் சொன்னால், 44 கூலிக்காரச் சனங்கள் எரிந்தார்கள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தச் சனங்கள் சங்கம் வைத்ததும் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கேட்டதால்தானே 1968 டிசம்பர் 25 நடந்தது! கேட்டதை விட்டுவிட்டு எரிந்ததை மட்டும் சொன்னால், கொளுத்தியவனுக்கு அது ரொம்ப சௌகரியம்.

வாச்சாத்தியும் அப்படித்தான். சித்தேரி மலை அடிவாரம், நம் மலையாளிப் பழங்குடிச் சனங்கள். 1992 ஜூன் 20-ல் வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் ஊருக்குள் புகுந்து செய்ததை இந்த மேடையில் நான் விவரிக்கப் போவதில்லை. எத்தனை முறை அந்தப் பெண்களின் உடம்பையே பேசுவது? அவர்கள் செய்ததைச் சொல்கிறேன். 18 பெண்கள் வழக்கில் பின்வாங்காமல் நின்றார்கள். 19 வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29-ல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மேல்முறையீட்டில் நீதிபதி வேல்முருகன் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 2023-ல் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. 31 வருஷம்! கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, கோர்ட்டு வராந்தாவில் காத்திருந்து திரும்பிய அந்தப் பயணங்களை எழுதுங்களய்யா. அதுதான் வரலாறு.

நம் மலையைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது? 2024 ஜூனில் மலைக்குக் கீழே கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் விஷச் சாராயத்தில் செத்தார்கள். உடனே கல்வராயன் என்றால் சாராயம் என்று எல்லா டிவியிலும் ஓடியது. அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, இந்த மலையில் ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று வழக்கு எடுத்தது. அறுபது பிணம் விழுந்தால்தான் ஒரு மலை கண்ணுக்குத் தெரியுமா? காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதை உங்களிடம் இருக்கிறது. தினையும் சாமையும் விளைவித்த கைப்பக்குவம் இருக்கிறது. ஜாகிருக்கு முன்னாலும் நாம் இருந்தோம் என்று சொல்லும் கதைகள் அவை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு நாலு பேர் வீதம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

மேடைக்குக் கீழே மேசையில் நாற்பது பக்க நோட்டுகள் அடுக்கியிருக்கிறோம். மாலைக்கு வசூலித்த பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அறுபது வயதைத் தாண்டியவர் இருக்கும் வீட்டுக்கு ஒன்று. ஜாகிர்க் காட்டில் யார் யார் உழுதார்கள், எத்தனை நாள், பெயர் என்ன, அந்தக் காட்டுக்கு இன்றைக்குப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான் கேட்டு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த வருஷம் இதே நாள், படத்துக்கு முன்னால் அந்த நோட்டுகளைக் கொண்டுவந்து வையுங்கள்.