மாணவர் உணவும் நம் மரபும்

(அம்பத்தூரில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தொழிலும் கல்வியும் நாடி வந்த குடும்பங்கள் நம்முடையவை. ஊரில் பொழுது சாயுமுன் வீடு முழுவதும் உண்டு முடிக்கும். இங்கோ நம் பிள்ளைகள் ஆவடி, பூந்தமல்லி, மதுரவாயல் பகுதிக் கல்லூரிகளுக்குப் பேருந்தேறுகின்றனர். சிலர் விடுதியில் தங்குகின்றனர். அவர்களது உணவைத் தீர்மானிப்பவை எவை என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 95-ஆம் அதிகாரம் மருந்து. முன்னது உண்ணலாகாததைக் கூறுகிறது. பின்னது உண்ணும் வேளையையும் அளவையும் கூறுகிறது. நானறிந்த வரையில் நம் மாணவர் முன்னதை உறுதியாகக் காக்கின்றனர். பின்னதே அவர்கள் கைநழுவிப் போகிறது.

முதற்காரணம் காலம். சென்னையில் ஜூன் இறுதியில் கதிரவன் மறைவது மாலை 6.35 மணிக்கு மேல். நவம்பர் இறுதியிலோ 5.40 மணி அளவிலேயே. நான்கு மணிக்கு வகுப்பு முடிந்து, நெரிசலில் ஊர்ந்து வீடு சேரும் பிள்ளை கார்த்திகை மாதத்தில் பொழுதோடு உண்பது அரிது. விடுதிகளிலோ இரவுணவு பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான். நம்பிக்கை குன்றுமுன்பே நேரம் ஒத்துவராமல் நோன்பு தளர்ந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் நட்பு. தனித்து உண்பதைவிட நண்பரோடு கூடி உண்கையில் மனிதர் மிகுதியாக உண்கின்றனர் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாவது கைப்பேசி. நள்ளிரவிலும் உணவு வாயிலுக்கு வருகிறது. தள்ளுபடி, பசியில்லாதவனையும் வாங்கச் செய்கிறது.

பொட்டலத்தின் மேலுள்ள பச்சைப் புள்ளியை நம்பி வாங்குகிறோம். அது சைவம் என்று மட்டுமே சொல்லும். உப்பு, சர்க்கரை, கொழுப்பின் அளவைச் சொல்லாது. நாம் விலக்கும் தேன் கலந்த பண்டத்திலும் அதே புள்ளி உண்டு. ஆகவே பொருட்பட்டியலைப் படித்தறிய வேண்டும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாகவும், காய்கனி 400 கிராமுக்குக் குறையாமலும் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வறுவலும் குளிர்பானமும் கொண்டு நாளைக் கழிப்பவர் சைவராயினும் நலமாக உண்டவர் ஆகார்.

புலாலும் முட்டையும் விலக்கிய நமக்கு வைட்டமின் பி12 தருபவை பாலும் தயிரும் மோருமே. மோரின் இடத்தைக் குளிர்பானம் பிடித்தால் இழப்பு பெரிது. உணவோடு தேநீர் அருந்தினால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லியும் அதனைக் கூட்டும்.

பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும்போதே, மாலை உணவை முன்னதாகத் தர இயலுமா என்று விடுதிக் காப்பாளரிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து செல்பவர்க்கு மதிய உணவோடு இரண்டாவது டப்பா ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சப்பாத்தியோ சுண்டலோ இருந்தால் பேருந்து ஏறுமுன் உண்டுவிடலாம். மகனோ மகளோ, கஞ்சியும் பருப்பும் உப்புமாவும் செய்யக் கற்றே வீட்டை விட்டுச் செல்லட்டும். ஒரு நாள் தவறியது கண்டு கடிந்து பேசாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை மறைப்பர். உணவோடு உண்மையும் போய்விடும்.

மாணவச் செல்வங்களே, பசிக்குச் சற்றுக் குறைத்து உண்பதை அவமௌதரியம் எனப் புறத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தது நம் அறம். அதற்கு விடுதியும் தடையன்று, நண்பரும் தடையல்லர். அருகிலிருப்பவரின் தட்டை இகழாதீர்கள். பிறர் மனம் நோகாமல் காப்பதும் அகிம்சையே. உம் வழக்கத்தைப் பற்றி அவர் வினவினால் நாணாமல் விளக்குங்கள். முழுவதும் இயலாவிடினும், விடுமுறை நாளிலேனும் பொழுதோடு உண்ணத் தொடங்குங்கள்.

 வாழ்க அகிம்சை! வளர்க அறம்!