துறைமுகத்து அதிகாரிகளும் கப்பித்தான் பள்ளியும்
(ஐம்பதாம் ஆண்டு விழாவில் இளம் வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)





பினாங்குத் துறைமுகத்தை ஆண்ட அதிகாரிகளைப் பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்திருக்கிறீர்கள். நாங்கள் பாலிடெக்னிக்கில் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள். வரலாற்று அறிஞர்கள் அல்லர். ஆனாலும் அந்த அதிகாரிகளின் பெயர் தாங்கிய தெருக்களில்தான் தினமும் சரக்கு இறக்குகிறோம்.

லைட் ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் லைட், பிரிட்டிஷ் கடற்படையில் இருந்துவிட்டு வணிகத்துக்கு வந்தவர். 1786 ஆகஸ்ட் 11இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே கொடியேற்றினார்; 1794இல் இந்த மண்ணிலேயே இறந்தார். 1800இல் லெப்டினன்ட் கவர்னராக வந்த சர் ஜார்ஜ் லீத்தின் பெயரில் லீத் ஸ்திரீட் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த ராபர்ட் ஃபர்குவாருக்கு ஒரு தெரு. 1880களில் ஆளுநராக இருந்த ஃபிரெடரிக் வெல்டுக்குத் துறைமுகக் கரையே பெயராயிற்று.

அந்த அதிகாரிகள் சூலியா என்று குறித்த நம் முன்னோர், லைட் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக வந்து வணிகம் செய்தனர். அவர்களில் ஒருவரான காதர் முகைதீனைக் கம்பெனி நம் மக்களின் கப்பித்தானாக ஏற்றது. லீத் காலத்தில், 1801இல், பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. லீத் சில ஆண்டுகளில் கப்பலேறிவிட்டார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் இன்றும் பாங்கு ஒலிக்கிறது.

இதோடு நிறுத்தினால் பெருமை மட்டுமே மிஞ்சும். பிற்காலத்தில் அறச்சொத்துகளின் நிர்வாகம் சரியில்லை என்று புகார்கள் எழுந்தன. 1905இல் அரசாங்கம் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கெனச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த வாரியத்தின் பொறுப்புக்குப் பள்ளியின் சொத்துகளும் போயின. முன்னோர் தேடிக்கொடுத்ததைக் கணக்கு வைத்துக் காப்பதில் பின்வந்தோர் தவறினர்.

வணிகர்களாகிய நமக்கு இது புரியாததல்ல. கணக்கு ஒழுங்காக இருந்தால் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போவார். இல்லாவிட்டால் வந்து உட்கார்ந்துகொள்வார்.

நம் சங்கத்துக்கும் 50 வயதாகிவிட்டது. பழைய கூட்டக் குறிப்புகள், சந்தா ரசீதுகள், கல்வி நிதிக் கணக்குகள் பலவும் பெரியவர்களின் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. சில ஏடுகளைக் கறையான் தொட்டுவிட்டது. எழுதியவர்களில் பலர் மறைந்துவிட்டனர். மற்றவர்கள் இருக்கும்போதே எது எதற்கான கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே பெரியவர்களே, அந்தப் பெட்டிகளை எங்களிடம் கொடுங்கள். ஆண்டுவாரியாகப் பிரித்து, படியெடுத்து, மூலத்தை உங்களிடமே திருப்பித் தருகிறோம். ராஜுலா, சிதம்பரம் கப்பல்களில் வந்திறங்கியவர்கள் தங்கள் பயணச் சீட்டையும் பழைய கடைக் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. தெருப் பலகையில் நம் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை. நம் கணக்கேடு நம் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரட்டும்.