நெல் அவிக்கும் ட்ரம்: எவ்வளவு உயரம் வேண்டும்?

(வானொலி உழவர் நிகழ்ச்சிக்கான உரை)



வீட்டுச் செலவுக்கு நெல் அவிக்கிற நாம், ஊறல் தண்ணீரை எப்படி வடிக்கிறோம்? இரண்டு பேர் சாக்கைப் பிடித்து அண்டாவைச் சாய்க்கிறோம். 70 டிகிரிச் சூட்டில் இருக்கிற தண்ணீர் ஒரே விநாடியில் தோலை வேக வைத்துவிடும். அதனால்தான் சிலர் ட்ரம்மில் குழாய் வைத்து, அடுப்பை உயர்த்திவிடுகிறார்கள். தண்ணீர் தானே இறங்கிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டுங்க.

200 லிட்டர் ட்ரம் சுமார் மூன்று அடி உயரம். தண்ணீர் மட்டும் நிரப்பினாலே 200 கிலோ. இதை மூன்று அடி அடுப்பில் ஏற்றினால், ட்ரம்மின் வாய் ஆறு அடிக்குப் போய்விடும். நெல் கொட்ட முக்காலி மேல் ஏறணும். ஆவி நேரே முகத்தில் அடிக்கும். கால் இடறினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்க.

அப்படியானால் எவ்வளவு உயரம்? வாளியின் வாய்க்கு ஒரு சாண் மேலே குழாய் இருந்தால் போதும். வாளி ஒரு அடி. குழாய் ட்ரம்மின் அடியிலிருந்து நாலு விரல் மேலே. கணக்குப் போட்டால், ஒன்றரை அடி அடுப்பே போதுமானது. குழாய்க்குச் சற்று மேலே, உள்ளே ஓட்டைத் தகடு போடுங்க. வடித்த பிறகு தகட்டுக்குக் கீழே நிற்கிற தண்ணீரே நெல்லை ஆவியில் வேக வைக்கும். ட்ரம்மின் அடியும் காயாது.

பெரிய தொட்டியில் பிடிக்க வேண்டுமா? ட்ரம்மை ஏற்றாதீங்க, தொட்டியை இறக்குங்க. மேட்டில் அடுப்பு, பள்ளத்தில் தொட்டி. குழி வெட்டினால் சுற்றிலும் வேலி கட்டணும். வேலை முடிந்ததும் பலகை போட்டு மூடணும். குழந்தைகள் ஓடுகிற இடமாச்சே!

எரிவாயு அடுப்பு வைப்பவர்கள் மட்டும் குழியே வெட்டக் கூடாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் குழியில் போய்த் தேங்கி, குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அடுப்பைச் செங்கல், களிமண் சாந்து வைத்து, இணைப்பு மாற்றி அகலமாகக் கட்டுங்க. மூன்று கல்லைச் சும்மா அடுக்கிவிடாதீங்க. சிமெண்ட் கல்லும் கருங்கல்லும் நெருப்பில் வெடிக்கக்கூடும். நெருப்பு மூட்டுவதற்கு முன் பச்சைத் தண்ணீரை முழுக்க நிரப்பி, ஆட்டம் இருக்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்துவிடுங்க.

பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த ட்ரம் எக்காரணம் கொண்டும் ஆகாது. பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம். பித்தளைக் குழாய் போடுங்க. ட்ரம்மின் வாயை இறுக மூடாதீங்க. சாக்குப் போட்டாலே போதும். வடிக்கும்போது விறகை இழுத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று, மெதுவாகத் திறக்கணும். கைத்துணி காய்ந்ததாக இருக்கட்டும். ஈரத்துணியில் சூடு சீக்கிரம் ஏறும்.

தவறிச் சூடு பட்டுவிட்டால் மை, மாவு, எண்ணெய் எதுவும் தடவாதீங்க. ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரு சாண் இறக்கம் இருந்தாலே தண்ணீர் ஓடும். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு அடியும் நமக்கு ஆபத்துதான்.