விமானத்தின் நட்டம் யார் தலையில்?

(ஹல்துமுல்லைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலை மலையில் வாழும் நமக்குக் கட்டுநாயக்காவின் விமானங்களைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். விமானத்தில் ஏறாதவரும் அதன் நட்டத்தைச் சுமக்கிறோம். ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாலும் வரி செலுத்துகிறோம். அரசாங்க விமான சேவையின் நட்டத்தை ஈடு செய்வதும் அத்தகைய வரிப் பணமே. எனவே, கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

1979இல் எயர் லங்கா தொடங்கிற்று. 1998இல் துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் பங்கு வாங்கிப் பத்தாண்டு நிர்வாகப் பொறுப்பையும் பெற்றது. பெரும்பான்மைப் பங்கு அரசாங்கத்திடமே இருந்தது. புதிய எயர்பஸ் விமானங்கள் வந்தன; பெயரும் ஸ்ரீலங்கன் என மாறிற்று. 2008இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் எமிரேட்ஸின் பங்குகளை அரசாங்கம் திரும்ப வாங்கிற்று. பின்வந்த ஆண்டுகளில் பெரும்பாலும் நட்டமே குவிந்தது. 2023இல் மீண்டும் விற்க முயன்றனர். 2024இல் பதவியேற்ற அரசாங்கம் அம்முயற்சியைக் கைவிட்டது.

அப்படியாயின் விற்றால் வாழும், வைத்தால் வீழும் என்று முடிவு கட்டலாமா? ஆகாது. இந்தியாவைப் பாருங்கள். 2022 ஜனவரியில் எயர் இந்தியா டாட்டாவிடம் கையளிக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு நாள்தோறும் ஏற்பட்ட நட்டம் நின்றது, உண்மை. ஆனால் ஏறத்தாழ 61,500 கோடி ரூபாய்க் கடனில் டாட்டா ஏற்றது 15,300 கோடியே. மிகுதி அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. 2023இல் 470 புதிய விமானங்களை வாங்க டாட்டா முன்வந்தது. புதிய விமானம் வாங்கியவருக்கு; பழைய கடன் மக்களுக்கு!

இப்பாடம் நமக்குப் புதியதன்று. 1970களில் அரசாங்கம் எடுத்துக்கொண்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் சென்றது. தொழிலாளியின் காணியுரிமை அந்த ஏற்பாட்டில் இடம்பெறவில்லை. தோட்டம் கைமாறிற்று, லயன் மாறவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் இதே ஹல்துமுல்லைப் பிரிவின் மீரியபெத்தையில் மண்சரிவு புதைத்தது அந்த லயன்களைத்தான்.

சட்டம் பயின்ற நாம் அறிவோம்: பத்திரத்தில் எழுதப்படாததைப் பின்னர் வழக்காடிப் பெறுவது அரிது. ஆகவே விமான சேவையை விற்பதாயினும் வைத்திருப்பதாயினும் நாம் கேட்பவை மூன்று. ஒப்பந்தம் முழுவதும் பாராளுமன்றத்தில் வைக்கப்படட்டும். பழைய கடன் யாருடையது என்பது எழுத்தில் வரட்டும். ஊழியரின் வேலையும் சேமலாப நிதியும் காக்கப்படட்டும்.

இம்மூன்றும் இல்லாத எந்த மாற்றத்துக்கும் நமது வாக்கு இல்லை.