தாஷ்கண்டிலிருந்து பம்பாய்க்கு
(பேரணாம்பட்டு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு ஐயங்காரைப் பத்தி இங்க என்ன பேச்சுன்னு வாசல்லயே கேட்டீங்க. நியாயமான கேள்வி. மண்டயம் பார்த்தசாரதி திருமலை ஆச்சார்யா 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் இருந்தவர். 1908இல் புரட்சிக்காகக் கப்பலேறினார். நம்ம வடாற்காட்டு ஜனம் கப்பலேறினது நேட்டாலுக்கு, கரும்புத் தோட்டக் கூலிக்கு. அந்த வித்தியாசத்தை மறக்காமலே மீதியைக் கேளுங்க.

1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்த ஏழு பேரில் ஆச்சார்யாவும் ஒருவர். எம்.என். ராயோடு முரண்பட்டார். சில மாசத்திலேயே ஓரங்கட்டப்பட்டார். மாஸ்கோவில் மக்தா நாஹ்மன் என்ற ஓவியரை மணந்தார். 1922இல் ரெண்டு பேரும் பெர்லினுக்குக் கிளம்பினார்கள். அதிகாரம் எந்தக் கொடியோட வந்தாலும் அதிகாரம்தான் என்று அரசுமறுப்பாளரானார் ஆச்சார்யா.

போனதால்தான் பிழைத்தார்கள். நண்பர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா பின்னால் சோவியத்துக்குப் போய்த் தங்கினார். தாஷ்கண்ட் ஏழு பேரில் ஒருவரான அபனி முகர்ஜியும் தங்கினார். 1937இல் ரெண்டு பேரையும் சுட்டுக் கொன்றது ஸ்டாலின் அரசு. சுட்டது வெள்ளைக்காரன் இல்லை தோழர்களே.

மக்தாவின் தகப்பனார் யூதர். ஹிட்லர் வந்ததும் பெர்லினும் போச்சு. பாஸ்போர்ட்டுக்கு அலைந்த அலைச்சல் தனிக் கதை. பேங்க் கவுண்டர்ல உட்கார்ந்து தினம் அத்தாட்சி கேட்கிறவன் நான், அந்த வலி எனக்குக் கொஞ்சம் புரியும். 1930களின் நடுவில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள்.

1956 நவம்பரில் காத்மாண்டுவில் பேசிய அம்பேத்கர், சுரண்டல் ஒழியணும் என்பதில் மார்க்ஸோடு நின்றார். பலாத்காரத்திலும் சர்வாதிகாரத்திலும் பிரிந்தார். அதை நாம மேடையில சொல்றோம். போன வருஷம் நம்ம அமைப்புல ஒரு தோழர் வசூல் கணக்கு கேட்டார். ஷாப்புல தோல் சுமக்கிறவர். பதில் சொன்னோமா? துரோகின்னோம். குழாயடியில அவர் சம்சாரத்தோட பேசுறதைக் கூட நிறுத்தினாங்க நம்ம வீட்டுப் பெண்கள். நானும் வாயைத் திறக்கலை. இன்னைக்கு அவர் வரலை, ஏன்னா நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகலை.

மக்தா பம்பாயில் படம் வரைந்தார், கண்காட்சிகள் வைத்தார். 1951 பிப்ரவரி 12, ஒரு கண்காட்சி திறக்க இருந்த அன்னைக்கே செத்துப்போனார். ஆச்சார்யா தனியாளாக, வறுமையில், 1954 மார்ச் 20 வரை இருந்தார். கடைசி வரைக்கும் எழுதிக்கிட்டேதான் இருந்தார்.