கரையில் தொடங்கும் கடலாய்வு



காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரைப் பற்றிச் சிலப்பதிகாரத்தில் படித்திருப்பீர்கள். அந்நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. கடல் கொண்டதை நாம் மீண்டும் அறிய இயலுமா? இயலும். அதற்கென ஒரு கல்வி உண்டு. ஏட்டில் மட்டும் படித்தால் வாராது. படிப்படியாகக் கையால் பழகிக் கற்க வேண்டும். அதன் முதற்படி கடலுக்குள் இல்லை, கரையில் இருக்கிறது. இன்று நான் சொல்ல விழைவது இதுவே.

1960களில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் காவிரிப்பூம்பட்டினத்தில் அகழ்ந்தனர். கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அதில் மரத்தூண்களும் இருந்தன. அம்மரத்தைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அதன் காலம் கி.மு. நான்காம், மூன்றாம் நூற்றாண்டுகளை ஒட்டியது எனத் தெரிந்தது. படகு வந்து நின்ற அவ்விடத்தைச் சுற்றி இன்று இருப்பது நிலம். ஆறும் கரையும் இடம் பெயர்வன என்பதை இத்துறை நமக்குக் கற்பிக்கிறது.

இனி, அலைவாய்க்கரைக்கு வருவோம். ஓதம் வற்றும்போது வெளிப்பட்டு, ஏறும்போது மூழ்கும் பகுதி அது. பூம்புகாரிலும் வாணகிரியிலும் அப்பகுதியில் செங்கற் கட்டடப் பகுதிகளும் உறைகிணறுகளும் காணப்பட்டுள்ளன. குடிநீருக்காக உறைகிணறு இறக்குபவர் அலைக்குள்ளா இறக்குவார்? நிலத்தில் தோண்டிய கிணறு அலைக்குள் நிற்கிறதென்றால், கரை பின்வாங்கியிருக்கிறது என்பது பொருள். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்ததும் இதே கதைதான். ஒரு புயல் மணலை வாரிச் சென்றால் பழஞ்சுவர் தலைகாட்டும். சில நாட்களில் மணல் அதை மூடிவிடலாம், அல்லது அலை செங்கற்களைப் பெயர்த்துவிடலாம். அந்தச் சில நாட்களுக்குள் அளந்து எழுதத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். இல்லையெனில் அச்சான்று என்றென்றைக்கும் போயிற்று.

அளப்பது எப்படி? கரையில் இரண்டு நிலையான குறிகளை நாட்டுங்கள். அவற்றின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பின், ஒவ்வொரு குறியிலிருந்தும் கிணற்றின் நடுவுக்குள்ள தூரத்தை அளவு நாடாவால் எடுங்கள். கிணறு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதையும் குறித்துக்கொண்டால், தாளில் இரண்டு வட்ட வில்கள் வெட்டுமிடத்தில் கிணறு வந்து அமரும். பள்ளிக்கூட வடிவகணிதம் போதும். இது முதற்படி. இரண்டாம் படியில், இதே வேலையைத் தெளிந்த நீர்க்குளத்தில், நனைந்தாலும் கெடாத பிளாஸ்டிக் தாளில் பென்சிலால் எழுதிப் பழகுவர். மூன்றாம் படியில்தான் ஆசிரியரோடு கடலில் இறங்குவர். 20 மீட்டர் ஆழத்தில் உடலைச் சூழும் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. தங்கும் நேரமோ மிகக் குறைவு. மேலே வருவதும் மெள்ள மெள்ள வரவேண்டும். அங்கே போய் அளக்கக் கற்கலாம் என்பவர், நாற்றங்காலே இல்லாமல் நடவுக்குப் போனவர் ஆவார்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். பூம்புகார்க் கடலில் 1981 முதல், எஸ். ஆர். ராவ் அவர்கள் வழிகாட்ட, கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் தமிழக அரசுத் தொல்லியல் துறையுடன் ஆய்வு நடத்தினர். 1990களின் தொடக்கத்தில், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பு காணப்பட்டது. பழைய கடல்மட்டக் கணக்கை மட்டும் வைத்து, அது பதினோராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையது என்று சிலர் கூறினர். மனிதர் கட்டியதுதானா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதே கடலில், மூழ்கிய கப்பலொன்றிலிருந்து ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றில் 1791, 1792 என ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. முன்னதில் ஊகம் பேசுகிறது. பின்னதில் பொருளே பேசுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியும் நிதானமே பயிற்சியின் பயன். நம் பழமையின்மீது நமக்குள்ள அன்பு, சான்றுக்கு முன்னே ஓடலாகாது.

பிற நாடுகளிலும் இக்கல்வி வளர்ந்துள்ளது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலை 1982இல் இங்கிலாந்தில் தூக்கினர்; அவ்வேலையில் நூற்றுக்கணக்கான தன்னார்வ மூழ்குநர் பங்கு கொண்டனர். இலங்கையில் காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்னும் டச்சுக் கப்பல், இளம் ஆய்வாளர்களின் பயிற்சிக்களமாகவே விளங்கியது. கிடந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாகக் கொள்ள வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. இதற்குக் காரணம் உண்டு. நெடுங்காலம் நீரில் ஊறிய மரம், கரையேறி உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். எடுக்கத் தெரிவதினும் விட்டுவரத் தெரிவது பெரிது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் கடல்சார் தொல்லியலுக்கு இடமளித்துள்ளது. ஆர்வமுள்ளோர் அவ்வழி நாடலாம். மற்றையோரும் ஒன்று செய்யலாம். மழைக்காலம் கழிந்தபின் கடற்கரைக்குப் போகும்போது, மணலில் ஓர் உறைகிணறோ பழஞ்செங்கற் சுவரோ தெரிந்தால், ஒரு கல்லையும் பெயர்க்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். நாள், நேரம், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதுங்கள். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அங்குள்ள மீனவப் பெரியவர்களையும் கேளுங்கள். எந்தப் பாரில் வலை சிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அடுத்த புயலுக்குமுன் எழுதப்பட்ட ஒரு பக்கம், அந்தச் சுவர் மறைந்த பின்னும் நிற்கும்.